ரிக்கு சார் நிறுத்தாத கணினிகள்

ரிக்கு சாரைப் போல ஒரு பிடிவாதக்காரர் திருச்செங்கோட்டில் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. பிறந்தால் நான் ஊரைக் காலி செய்துவிடுவேன்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் நாற்பது கணினிகளைச் சேர்த்துக் கட்டி ஒரே கணினிபோல ஓடவிடும் அறை ஒன்று உண்டு. மூட்டை மூட்டையாக எண்களைக் கொட்டினால், சுவர் முழுக்க இருக்கும் திரைகளில் படமாக வரும். அந்த அறைக்குப் பொறுப்பாளர் அவர்தான். டிப்ளமோ முடித்துவிட்டு, போர்வெல் போடும் ரிக் லாரியில் பல வருடம் ஊர் ஊராகப் போனவர்; ரிக்கு என்ற பெயரும் அதில் ஒட்டியதுதான். அங்கே கற்ற சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார். ஓட ஆரம்பித்ததை நடுவில் நிறுத்தவே கூடாது.

நான் ஆராய்ச்சி மாணவன். தாலுகாவின் போர்வெல் விவரங்களைச் சேர்த்து, பூமிக்கடியில் பாறை எப்படிக் கிடக்கிறது என்று படம் போட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவிடம் அதைக் காட்டாவிட்டால் ஒரு வருடம் போச்சு. திங்கட்கிழமை போனால் நாற்பது கணினியும் வேறொருவன் வேலையில் மாட்டியிருந்தன. கோழிப்பண்ணைக்குள் காற்று எப்படிச் சுற்றுகிறது என்று தப்பும் தவறுமாகக் கணக்குப் போட்டுவிட்டு அவன் ஊருக்குப் போய்விட்டான். திரையில் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

"சார், அது தப்புங்க. அவனே போன்ல சொல்லிட்டான். நிறுத்துங்க."

"தப்போ சரியோ, எறக்குன பைப்பு போயித்தான் ஆகோணும் சாமி. நடுவுல நிறுத்துனா மாட்டிக்கும்."

"இங்க ஏதுங்க பைப்பு?"

"போயி டீ குடிச்சுட்டு வா."

இரண்டு நாள் டீ குடித்தேன். வயிறு எரிந்தது, டீயால் மட்டுமல்ல. முதல்வருக்குப் புகார் எழுதினேன். வழியில் அதை வாங்கிப் படித்த ரிக்கு சார், தன் பெயருக்கு இனிஷியல் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

புதன்கிழமை ஒருவழியாக என் வேலை ஓட ஆரம்பித்தது. வியாழன் மத்தியானம் ஏசி படுத்துவிட்டது. எல்லாவற்றையும் உடனே நிறுத்தச் சொல்லி முதல்வர் போனில் கத்தினார்.

"ஓடீட்டிருக்குதுங்க. முடிஞ்சொடனே நிறுத்தறேனுங்க" என்று இவர் போனை வைத்துவிட்டார். கதவு ஜன்னலெல்லாம் திறந்தார். ஆசிரியர் அறைகளில் இருந்த மின்விசிறிகளை அள்ளி வந்தார். முதல்வர் மேஜையில் இருந்ததும் அதில் ஒன்று. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் என் வேலை முடியும் வரை கணினிகளின் சூட்டைப் பார்த்தபடியே நின்றார்.

வெள்ளிக்கிழமை பாறை, விரிசல், ஈரம் எல்லாம் சுவர் முழுக்கத் தெரிந்தன. குழு தலையாட்டியது. ரிக்கு சாரிடம் நன்றி சொல்லப் போனேன்.

"பாறைக்கு எவன்டா ஊதாக் கலரு அடிச்சது? எந்தூர்ல பாறை ஊதாவா இருக்குது?" என்று விரட்டிவிட்டார்.

அடுத்த வாரம், உத்தரவை மீறினார் என்று அவரை விடைத்தாள் கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு கணினிகூடக் கெடவில்லை, இருந்தும் மாற்றினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மனுஷனைத் திட்ட நான் ஒருவன் போதாதா?