ஐந்நூறு ஆண்டு விதி

நடுநிலைமை என்னும் அருங்குணத்துக்கு இந்தப் பூமியில் ஒரு கோயில் கட்டவேண்டும் என்று யாராவது நினைத்தால், இடம் தேடி அலையவேண்டாம். நேரே ஸ்பெயின் நாட்டு அரகோனுக்கு வந்து, எங்கள் தோரெசேக்காவில் இறங்கிக்கொள்ளலாம். ஊர்ப் பற்றினால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. வரலாற்றுச் சுற்றுலா மேம்பாட்டுக் குழுவின் செயலாளர் செவெரீனோ என்ற முறையில், பொறுப்போடு சொல்கிறேன்.

பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் ஒலிபெருக்கி உண்டு. முதலில் எங்கள் வட்டாரத்து ஹோத்தா ஆட்டப் பாட்டு ஒன்றைப் போடுவேன். ஊர் காதைத் தீட்டிக்கொண்டதும், குழாயில் தண்ணீர் நிற்கப்போகும் நேரம், மீன் வண்டி வந்திருக்கும் செய்தி, இன்னார் காலமானார் என்ற துக்கம் எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிப்பேன். கையில் கொடுத்ததை வாசிப்பேன்; யோசிப்பது என் இலாகா அல்ல.

எங்கள் ஊருக்கு வரலாறு இரண்டு. ஒரு மேட்டில் கோட்டை. எதிர்மேட்டில் உள்நாட்டுப் போரின் பதுங்குகுழிகள். கோட்டையைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. கில்யேன் பிரபு எந்த மதிலிலிருந்து யார் தலையில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றினார் என்று கேளுங்கள், இடத்தைத் தொட்டுக் காட்டுவேன். எங்கள் ஊரில் ஆள் மாறினாலும் வீட்டுப் பெயர் மாறாது. ஆகவே எழுநூறு வருஷத்துக்கு முந்தைய அயோக்கியத்தனமெல்லாம் வீட்டுப் பெயரோடு பத்திரமாக இருக்கிறது.

குழுவின் பொருளாளர் கிரிசாந்தோ, மில்காரன் வீடு. பேருந்து வந்து நின்றாலே ஓடிப்போய்க் கோட்டைவாசலில் நின்றுகொள்வார். "காசு வாங்கிட்டு எதிரிக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்ட துரோகி இருக்கானே, எங்க வீட்டு ஆளுங்க!" என்று மார்தட்டுவார். ஜனங்கள் அவரோடு படம் எடுத்துக்கொள்வார்கள். மேயர் உர்பானோ, கொல்லன் வீடு. கைதிகளைப் பிணைத்த சங்கிலி அவர் வீட்டு உலையில் அடித்ததாம். நான் மணிக்காரன் வீடு. என் முன்னோர் ஒரு துரோகமாவது, ஒரு கொலையாவது செய்துவைக்கவில்லை. இந்தக் குறை எனக்கு நெடுநாளாகவே உண்டு.

எதிர்மேட்டுக்குப் போனதும் எங்கள் நடுநிலைமை தொடங்கிவிடும். போன கோடையில் சரகோசா நகரிலிருந்து வந்த ஓர் அம்மாள் பதுங்குகுழியில் நின்றுகொண்டு என்னைக் குடைந்தார்.

"இந்தப் பக்கம் யாரு இருந்தாங்க?"

"சிலர்."

"அந்தப் பக்கம்?"

"வேற சிலர்."

"எதுக்காகச் சண்டை போட்டாங்க?"

"ஒரு கருத்து வேற்றுமைங்க."

"சரி, யாரு ஜெயிச்சா?"

"சுற்றுலாத் துறை," என்றேன். மேயர் இதைக் கேள்விப்பட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இதற்கெல்லாம் அடிப்படை குழு இயற்றிய புகழ்பெற்ற 'ஐந்நூறு ஆண்டு விதி'. செத்து ஐந்நூறு ஆண்டு நிறையாத யாருடைய பெயரையும், அவரைச் சாகடித்தவர் பெயரையும் சுற்றுலாவில் உச்சரிக்கக் கூடாது. காரணம், 'காயம் ஆறவில்லை'. ஐந்நூறு தாண்டிவிட்டால் அது 'பாரம்பரியம்'.

விதிக்கு முதல் சோதனை ரொட்டிக்கடை ஒரோசியாவால் வந்தது. கல்லறைத்தோட்டத்துப் பின்சுவரை ஒட்டிப் பேருந்து நிறுத்தத்துக்குக் கான்கிரீட் போடுவதென்று முடிவாகியிருந்தது. ஒரோசியா, கையில் ஒட்டிய மாவோடு கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

"தம்பி உர்பானோ, அங்க கான்கிரீட் போடாதே. என் தாய்மாமா லாம்பெர்த்தோ அங்கதான் கிடக்கார். அத்தி மரத்துக்கு நேரா. எங்கம்மா சாகறப்போ சொல்லிட்டுப் போனா. எலும்பை எடுத்து அம்மா பக்கத்துல வைக்கணும், வேற ஒண்ணும் கேக்கல."

"எந்த வருஷம்க்கா?"

"என்னடா கேள்வி இது? போர் ஆரம்பிச்ச வருஷம். அவரைச் சுட்டது யாருன்னா..."

மேயர் மேஜைமணியை அடித்துவிட்டார். "அக்கா, அக்கா! விதி இருக்கில்ல? எங்களுக்கும் வருத்தம்தான். ஒரு நானூறு வருஷம் பொறுத்துக்கங்களேன்!"

"நானூறு வருஷமா? எனக்கு முழங்கால் வலிடா."

கோரிக்கை ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. லாம்பெர்த்தோ என்ன தொழில் செய்தார், ஏன் செத்தார் என்று கேட்க ஒருவர் வாயும் அசையவில்லை. மறதியில் நாங்கள் அவ்வளவு தேர்ச்சி பெற்றவர்கள். எல்லாருடைய வீட்டிலும் தாத்தாக்கள் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசாமலே செத்துப்போயிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரோசியா தலைசீவி, நல்ல உடுப்பு உடுத்தி, ஒரு தட்டு நிறையச் சோம்பு ரொட்டியோடு வந்தார். முகத்தில் ஒரே சாந்தம். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ரொட்டி ருசியாக இருந்தது.

"போனது போகட்டும் தம்பி. கில்யேன் பிரபு காலத்துக் கதை ஒண்ணு எங்க வீட்ல வழிவழியா சொல்லுவாங்க. ஊருக்கு உபயோகமாகட்டுமேன்னு வந்தேன்."

மேயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த வருஷம்?"

"ஆயிரத்து இருநூத்து முப்பத்தாறு."

"ஆகா! சொல்லுங்க, சொல்லுங்க."

"அப்ப ஊர்ல ஒரு அறிவிப்பாளன் இருந்தான். கொம்பு ஊதிட்டு, கையில கொடுத்ததை வாசிப்பான். உழுறவனுக்கே நிலம்னு ஒருநாள் ஒரு ஓலை கொடுத்தாங்க, வாசிச்சான். அவன் எழுதினதில்ல, வாசிச்சான், அவ்வளவுதான். ஒரு வாரம் கழிச்சு அதிகாரம் கைமாறிச்சு. கல்லறைச் சுவருக்குப் பின்னால கூட்டிட்டுப்போய்க் கொன்னுட்டாங்க."

சுவர் அதே சுவர் என்பதை நான் கவனித்தேன். ஆனால் கவனிப்பது செயலாளர் வேலையில் சேராது.

"எதால கொன்னாங்க?" என்றார் கிரிசாந்தோ ஆவலாக.

"அப்போ என்ன இருந்துச்சோ, அதால."

"கொன்னது எந்த வீட்டாளுங்க?"

ஒரோசியா கொஞ்சம் தயங்கினார். "அது எதுக்குப்பா? மனசு சங்கடப்படும்."

"பாரம்பரியத்துல என்னக்கா சங்கடம்! எங்க வீடு இல்லாம இந்த ஊர்ல ஒரு கொலை நடந்திருக்குமா?" என்று மேயர் கொதித்தார்.

"நடக்கல தம்பி. முதல் ஆளு கொல்லன் வீடுதான்."

மேயர் முகம் மலர்ந்தது. கிரிசாந்தோ விட்டாரா? "அப்ப நாங்க?"

"நீங்க இல்லாமயா? ரெண்டாவது ஆளு மில்காரன் வீடு."

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எழுந்து நின்றேன். "ஒரோசியாக்கா, சுவருக்கு எதிர்லயே எங்க வீடு இருக்கு. எங்க ஆளு ஒருத்தர்கூடவா அங்க இல்ல? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கக்கா!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருந்தாங்களே. ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க."

கொலை அளவுக்குப் பெருமை இல்லைதான். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று திருப்தியோடு குறிப்பில் சேர்த்துக்கொண்டேன்.

அதன்பின் காரியங்கள் மளமளவென்று நடந்தன. இடைக்காலத்துப் பிணம் இருக்கலாம் என்றதும் கான்கிரீட் வேலை சட்டப்படி நின்றது. மாகாண அரசின் உதவித்தொகையோடு நூரியா என்ற தொல்லியலாளர் தூரிகையும் கையுமாக வந்து அத்தி மரத்துக்கு நேரே தோண்ட ஆரம்பித்தார். கல் தயாரானது. அதில் இப்படிச் செதுக்கியிருந்தது: '1236. இங்கே ஊர் அறிவிப்பாளர் கொல்லப்பட்டார். கொன்றவர்கள்: கொல்லன் வீட்டார், மில்காரன் வீட்டார். மணிக்காரன் வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.'

திறப்பு விழாவுக்கு மூன்று பேருந்து நிறைய ஜனம். மேயர் இடைக்கால அங்கி போட்டுக்கொண்டு, திரையை விலக்கி, கல்லை உரத்து வாசித்தார். 'கொல்லன் வீட்டார்' என்ற இடத்தில் நிறுத்தி நெஞ்சில் கை வைத்தார். கைதட்டல் கோட்டையில் எதிரொலித்தது. கிரிசாந்தோவின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்.

கைதட்டல் ஓயுமுன் நூரியா குழியிலிருந்து ஒரு தட்டோடு ஏறி வந்தார்.

"மேயர், ஒரு சின்னச் சிக்கல். செருப்பு கிடைச்சிருக்கு."

"அருமை! பதிமூணாம் நூற்றாண்டுச் செருப்பு!"

"அடிப்பாகம் கார் டயர்."

மேயர் நெஞ்சிலிருந்த கையை எடுத்தார்.

"மண்டையோட்டுல குண்டு இருக்கு. துப்பாக்கிக் குண்டு. அப்புறம் கழுத்துக்குக் கீழே இது," என்று பித்தளையில் ஒரு சிறு துண்டைக் காட்டினார். கொம்பின் வாய்ப்பகுதி.

ஒரோசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பைக்குள்ளிருந்து, எத்தனையோ வருஷமாக ரொட்டிக்கடைச் சுவரில் தொங்கும் ஒரு பழைய கொம்பை எடுத்தார். அதற்கு வாய்ப்பகுதி கிடையாது என்று ஊருக்கே தெரியும். நூரியா கொடுத்ததைத் துடைத்துச் செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் விம்மிவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"என்னப்பா, ஏன் கைதட்டறதை நிறுத்திட்டீங்க?"

அங்கிக்குள் மேயருக்கு வேர்த்து ஊற்றியது.

அவசரக் கூட்டம் கூடியது. "இது அவதூறு!" என்றார் கிரிசாந்தோ. "எங்க தாத்தா ஈ எறும்புக்குத் தீங்கு நினைச்சதில்ல!" கல்லைப் பெயர்த்தெடுக்கலாம் என்றால், உதவித்தொகைக் கல், கை வைத்தால் மாகாண அரசு கேள்வி கேட்கும். கடைசியில் மேயர் தம் மதிநுட்பத்தால், யாருக்கும் எதுவும் புரியாத அரசு நடையில் கல்தச்சருக்கு ஓர் ஆணை பிறப்பித்தார். 'கல்லில் உள்ள வரலாற்றுப் பிழையைத் தொல்லியலாளரின் ஆலோசனையோடு உடனே திருத்துக.'

பெயர்களை எடு என்று பச்சையாக எழுத அவர் கை கூசியது. கல்தச்சரோ வெளியூர், சொன்னதைச் செய்கிற மனிதர். நூரியாவிடம் போய், "இதுல எதும்மா பிழை?" என்று கேட்டார். அவர் கல்லை ஒருமுறை முழுக்க வாசித்துவிட்டு, "ஒரே ஒரு எண்தான்," என்றார். கல்தச்சர் இரண்டை ஒன்பதாக்கிவிட்டு அடுத்த பேருந்தில் போய்விட்டார்.

கல் இப்போது '1936' என்று தொடங்குகிறது. மற்றபடி ஒரு பிழையும் இல்லை.

அன்று மாலை ஒரோசியா நகராட்சி மாடியேறி வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். துக்க அறிவிப்புக்குக் குழுவின் ஒப்புதல் தேவையில்லை. ஹோத்தாவைப் போட்டேன். பிறகு வாசித்தேன்: "லாம்பெர்த்தோ, ஊர் அறிவிப்பாளர், காலமானார். நாளை பத்து மணிக்கு அடக்கம்." வழக்கம்போல் ஒரே குரலில் வரவில்லை, கொஞ்சம் பிசகியது. ஒலிபெருக்கி பழசு.

ஊர்வலம் பெரிய தெரு வழியாகத்தான் போனது. பெட்டிக்குப் பின்னால் ஒரோசியா, நூரியா, பாதிரியார், அப்புறம் சரகோசாவிலிருந்து வந்த ஒரு பேருந்து ஜனம். தவறுதலாகச் சேர்ந்துகொண்டவர்கள், ஆனால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசிவரை நடந்தார்கள். எங்கள் ஊரார் நடுநிலைமை காத்தார்கள். தாத்தாக்கள் கொலை செய்த வீடுகள் மட்டுமல்ல. அந்தக் கல்லில் பெயரே இல்லாத வீடுகளும் காத்தன. நான் வழிகாட்டி என்பதால் பேருந்து ஜனத்தோடு போகவேண்டியதாயிற்று.

போன கோடையில் என்னைக் குடைந்த அதே அம்மாள் என் பக்கத்தில் நடந்துவந்தார். கல்லை வாசித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது பார்வையிலேயே தெரிந்தது. தெருவின் இரண்டு பக்கமும் நிமிர்ந்து பார்த்தார். நல்ல வெயில்நாள், காலை பத்து மணி. ஒரு வீட்டிலும் ஜன்னல் திறந்திருக்கவில்லை.

"ஏங்க," என்று மெதுவாகக் கேட்டார், "இதுல மணிக்காரன் வீடு எது?"