எட்டாம் வகுப்பைத் தாண்டிய பேனர்

படிப்பில் சுமாராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. யாரும் நமக்குப் பேனர் வைக்கமாட்டார்கள்.

ஆரணியில் ஃப்ளெக்ஸ் பேனர் வந்த புதிது அது. காதுகுத்தா, பேனர். சபரிமலைக்கு மாலை போட்டால் அதற்கும் பேனர். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளித் தாளாளர் அந்த வருடம் ‘ஃபாஸ்ட் பேட்ச்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பை மே மாதத்திலேயே நடத்தி முடித்து, ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் உட்காரவைப்பது. (அந்த வெயிலில் பாதி எட்டாவது நடக்கும்போது நான் தூங்கிவிட்டேன் என்பது வேறு விஷயம்.)

எனக்கு அதில் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தது. அப்பா பட்டுத் தறி நெய்பவர். வீட்டில் அவர் வைத்திருந்தது ஒரே சட்டம்: "பதினெட்டு முடியற வரிக்கும் எவ்ளோ வேணா படி. அப்பறம் கல்யாணம்." அக்காவின் படிப்பு அப்படித்தான் கல்லூரி முதல் வருடத்தோடு நின்றது. ஒரு வகுப்பைத் தாண்டிவிட்டால் நான் இரண்டாம் வருடமும் படித்துவிடலாமே! என்னே என் மூளை!

தேர்வானேன். மறுநாளே மாமா (அம்மாவின் தம்பி) தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார். ‘ஏழிலிருந்து நேராக ஒன்பதுக்குத் தாவிய எங்கள் குலவிளக்கே!’ பேனர் முழுக்கக் காதில் செல்போனோடு மாமா. மூலையில் தபால்தலை அளவுக்கு நான்.

ஒன்பதாவதில் முதல் நாளே அல்ஜீப்ரா. "இதெல்லாம் போன வருஷமே படிச்சிட்டீங்க" என்று டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அந்தப் போன வருஷத்தில் நான் இல்லவே இல்லை. எல்லாப் பாடமும் அதே கதைதான். புரியவில்லை என்று சொல்ல எழுந்திருப்பேன், பேனர் ஞாபகம் வரும், உட்கார்ந்துவிடுவேன். தினமும் அதன் கீழே நடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும்.

காலாண்டில் கணக்கு மார்க்கைப் பார்த்துவிட்டுத் தாளாளர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"பொண்ணு ரொம்பக் கஷ்டப்படுதுங்க. இப்பவே எட்டாவதுல உக்கார வெச்சிடலாம். ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பேனர் வெச்சிட்டோமே சார்."

"அவுத்துடுங்க."

"அவுத்தா ஏன் அவுத்தன்னு கேப்பாங்களே சார். தெரு பூரா பாத்துகினு போவுது."

பேனரும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. முழு ஆண்டுத் தேர்வில் அம்சமாக ஃபெயிலானேன்.

அடுத்த ஜூனில் அதே வகுப்பில், அதே பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். எட்டாவதை ஒழுங்காக முடித்த என் பழைய கூட்டாளிகள் கும்பலாக உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த கலா கேட்டாள்: "இன்னாடி, எங்களுக்கு எடம் புடிச்சி வெச்சிகினு கீறியா?"

வகுப்பே சிரித்தது. தாண்டிய வருடம் அத்தோடு போயிற்று. பதினெட்டு முடிந்தபோது நான் கல்லூரி முதல் வருடம். அப்பா சட்டத்தை மாற்றவில்லை.

பேனர் மட்டும் வீணாகவில்லை. (நல்ல கெட்டி ஷீட்.) என் கல்யாணத்தன்று சமையல் பந்தலில் காற்றுக்கு மறைப்பாக அதைத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். கை கழுவ அந்தப் பக்கம் போன மாப்பிள்ளை, எழுத்துக்கூட்டி முழுசையும் படித்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எட்டு என்ற எண்ணே கிடையாது. தோசை எண்ணினாலும் என் கணவர் "ஆறு, ஏழு, ஒம்போது" என்றுதான் எண்ணுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

போன வாரம் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் இப்போது ஏழாவது.

"ஏம்மா, காலேஜ் ரெண்டாவது வருஷத்துல இன்னா சொல்லித் தருவாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலடி" என்றேன்.