காஷ்மீர் ஆற்றில் நான் போட்ட பொரி

மயிலாப்பூர்,
24-6-1973

சகல சௌபாக்கியமும் பொருந்திய சம்பந்தி பஞ்சாபகேசன் அவர்களுக்கு, சந்திரமௌலி அநேக நமஸ்காரம். இங்கே நானும் என் முழங்கால் வலியும் க்ஷேமம். தாங்களும் அபயாம்பாள் மாமியும் மாமியின் ரத்த அழுத்தமும் சௌக்கியமாக இருக்கக் கபாலியைப் பிரார்த்திக்கிறேன்.

மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு பஸ் ஏறினால் இருபது நிமிஷம், அதற்கு ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் மாமி எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் போதவில்லை. விஷயம் இதுதான்: மாப்பிள்ளை ராமசேஷனுக்கு மெட்ராஸ் டிரான்ஸ்பர் கிடைக்காது. காரணம் நான்.

போன மாதம் சென்ட்ரலில் என்னை ரயிலேற்றும்போது மாமி என்ன சொன்னார்கள்? "பொண்ணைப் பாக்கற சாக்குல போங்கோ. அந்தப் பெரிய ஆபீஸரைப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லிக் குழந்தைகளை இங்க கொண்டு வந்து சேத்துடுங்கோ. மாடி போர்ஷன் ரெண்டு வருஷமா பூட்டியே கிடக்கு" என்று கண்கலங்கினார்கள். அந்த முகத்தை நினைத்துக்கொண்டேதான் காஷ்மீர் வரைக்கும் போனேன். போன பிறகுதான் மாப்பிள்ளை ஆபீஸ் ஹெட்கிளார்க் ரகசியத்தைச் சொன்னார். சீஃப் என்ஜினீயர் ஹபீபுர் ரஹ்மான் சாகிப் டிரான்ஸ்பர் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது திங்கட்கிழமைதானாம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மீன் அகப்பட்டிருந்தால் மட்டுமாம். போய்ப் பார்த்தேன். தங்கமான மனுஷர். "ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆற்றுக்கு வாருங்கள், அங்கே பேசலாம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். சாந்தோம் மீனவர் குப்பம் பக்கம் போனால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிற நான், டிரான்ஸ்பருக்காக மீன் பிடிக்கக் கிளம்பினேன்.

ஜீப் போகிற வரை ஜீப், அப்புறம் மட்டக்குதிரை, குதிரையும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலிருந்து நடை. குரங்குக் குல்லாய், மஃப்ளர், ஸ்வெட்டர், அதற்குள்ளே பஞ்சகச்சம். ஆறு போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, இந்த அழகில் டிரான்ஸ்பர் பற்றி எங்கே பேசுவது? மீன் பிடிப்பது என்றால் மீன் அகப்படும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை. இடுப்பளவு ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டு, கோழி இறகைப் பூச்சி மாதிரிக் கட்டி வீசி வீசி, மீன் அதை லட்சியமே பண்ணாததைப் பார்த்து ரசிக்க வேண்டும். ஏழு மணிக்கு இறங்கிய சாகிப் பதினொரு மணி வரைக்கும் ரசித்தார். நானும் முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் பிரமோஷனுக்கு இப்படித்தான் நின்றேன். ஆனால் எனக்குத் தலைக்கு மேலே ஃபேன் இருந்தது.

பசித்தது. ரயிலுக்குக் கட்டிக் கொடுத்த பொரியில் மிச்சம் பையில் இருந்தது. பாறையில் உட்கார்ந்து பிரித்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடியில் நாலு மீன் சும்மா நின்றுகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன் சம்பந்தி, நான் யோசிக்கவே இல்லை. முப்பது வருஷம் சாயங்காலமானால் கபாலி குளத்தில் பொரி போட்ட கை, அது பாட்டுக்குப் போட்டுவிட்டது. அவ்வளவுதான்! எங்கிருந்து வந்ததோ, சாகிபின் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து, அவருடைய இறகை உரசிக்கொண்டு, ஆற்றில் இருந்த மீனெல்லாம் என்னிடம் வந்துவிட்டது. நானும் குஷியில் இன்னும் ரெண்டு பிடி போட்டேன்.

விசில் சத்தம் கேட்டது. ஆற்றுக் காவலர் கரீமுல்லா. அந்த ஆற்றில் இறகுப் பூச்சி தவிர வேறு எதைப் போட்டாலும் குற்றமாம். பையைக் காட்டி இந்தியில் அதட்டினார். நான் தி.நகரில் இந்தி படித்துப் பரீட்சை பாஸ் பண்ணினவன் இல்லையா, கம்பீரமாக "யஹ் பொரி ஹை" என்றேன். அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொண்டார். பொரி மூட்டை பறிமுதல். என்னை அழைத்து வந்த குற்றத்துக்காகச் சாகிபின் மீன் லைசென்ஸும் இந்த சீசன் பூராவும் பறிமுதல்.

திரும்பும்போது ஜீப்பிலாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், ராமசேஷன் டிரான்ஸ்பர்..." என்று ஆரம்பித்தேன். அவர் "ஃபர்கெட் இட், சந்திரமௌலி சாப்" என்றார். முடிந்தது கதை.

இவ்வளவு தூரம் போய் ஒரு லாபமும் இல்லையா என்று கேட்டால், ஒன்று உண்டு. பொரி போட்டபோது ஒரு மீன் என் விரலை உரசிக்கொண்டு போனது. உடம்பெல்லாம் குங்குமப் பொட்டு வைத்தாற்போல் அவ்வளவு அழகு. அந்த ஐந்து நிமிஷம் வயசு, பென்ஷன், டிரான்ஸ்பர் ஒன்றுமே ஞாபகமில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

மாமியிடம் பதமாகச் சொல்லவும். என் அபராதத்தைப் பொறுத்து, சம்பந்தம் விட்டுப்போகாமல் ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
தலை குனிந்த
சந்திரமௌலி

பி.கு. உறையில் பசை தடவும்போது என் பெண் வசுமதியின் கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "அப்பா, நீ ரயில் ஏறும்போது மூஞ்சி வாடிப் போச்சு, மனசு கேக்கலை. டிரான்ஸ்பர் ஆர்டர் பங்குனியிலேயே வந்துடுத்து. இவர்தான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார். எழுதச் சொன்னது நான். உன்கிட்ட சொல்லாதீங்கோன்னு சீஃப்கிட்ட கெஞ்சியிருந்தோம். பாவம், உன் முகத்தைப் பாத்து இல்லேன்னு சொல்ல முடியாமத்தான் ஆத்தங்கரைக்குக் கூட்டிண்டு போனார். இங்க குளிர், கறிகாய் கிடைக்கறதில்லை. ஆனா ரெண்டு பேரும் சிரிச்சுண்டு இருக்கோம்ப்பா."

கோபம் வரவில்லை என்றால் பொய். அடையாறு மாடியும் வேண்டாம், மயிலாப்பூர் அப்பாவும் வேண்டாமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். சிரித்துக்கொண்டு இருக்கிறோம் என்கிறாளே, அதற்கு மேல் என்ன எழுதிக் கேட்பது?

ஆகவே பி.கு.வுக்கு மேலே கத்தரித்து, அந்தப் பாகத்தை மட்டும் மாமியிடம் கொடுங்கள். என்னை ஆயுசுக்கும் திட்டட்டும், பிள்ளையைத் திட்ட வேண்டாம். கத்தரிக்கோல் எங்கே என்று மட்டும் மாமியிடம் கேட்டுவிடாதீர்கள்.