மாப்பிள்ளையின் மாட்டை விற்றுவிட்ட மாமனார் எழுதிக்கொள்வது

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் மாமியார் நலம். தங்கள் மனைவியும் நலம்; வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், வேலைக்குப் போய் வருகிறாள். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் பொய்யோடு கடிதத்தைத் தொடங்க வேண்டாம் என்று பார்க்கிறேன். கடல் காற்று தங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? கப்பலின் இன்ஜின் அறைக்குள் போகும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவும். முப்பது வருஷமாகத் தண்ணீர் பம்ப் ஹவுஸில் குப்பை கொட்டுகிறவன் சொல்கிறேன், போன காது திரும்பி வராது. இனிமேல் வருவதைத் தாங்கள் எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது. கப்பலின் ஓரத்தில் நின்று படிக்க வேண்டாம்.

விஷயம் தங்கள் பண்ணையைப் பற்றியது.

தாங்கள் கிளம்பிய அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தக் கையடக்க வீடியோ கேம் பெட்டியை என் கையில் கொடுத்து, "மாமா, தினமும் கொஞ்ச நேரம் பண்ணையைப் பாத்துக்குங்க" என்றீர்கள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் தாங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான். அதுவரை "சாப்பிட்டீங்களா மாமா" என்பீர்கள், "ஆச்சு, நீங்க?" என்பேன், அதோடு இருவரும் சுவரைப் பார்ப்போம். அன்றைக்கு எனக்கு நிலைகொள்ளவில்லை. நேரே அடுக்களைக்குப் போய் "மாப்பிள்ளை பண்ணையையே என் பொறுப்புல விட்டுட்டுப் போயிருக்காரு" என்றேன். உங்கள் மாமியார் கண்ணை அகல விரித்து, "பண்ணையா? சம்பந்தம் பேசறப்ப சொல்லவே இல்லையே! எங்க இருக்கு?" என்றாள். பெட்டியைக் காட்டினேன். விரித்த கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் காய் நறுக்கப் போய்விட்டாள்.

பொறுப்பு என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. எங்கள் பம்ப் ஹவுஸில் ஒருவரிடமிருந்து இன்னொருவர் ஷிப்டை வாங்கிக்கொண்டால், முந்தினவர் எழுதிய பக்கத்தில் கை வைக்கக் கூடாது. பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பி, தன் பெயரை எழுதி, நேரத்தைப் போட்டு, அதற்கப்புறம்தான் மோட்டாரைத் தொட வேண்டும். அடுத்தவர் பக்கத்தில் எழுதியதற்காக ஒருவனை மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே திரையில் 'தொடரவும்', 'புதிதாகத் தொடங்கவும்' என்று இரண்டு வரி வந்தபோது நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. புதிதாகத் தொடங்கினேன். பெயர் கேட்டது, என் பெயரை முதலெழுத்தோடு கொடுத்தேன். இந்த ஒரு காரியத்தையாவது மாமா ஒழுங்காகச் செய்தார் என்று தாங்கள் நினைக்க வேண்டும், அதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

உள்ளே போனவன் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டேன். மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நிலம் முழுக்கக் கல், களை, மரக்கட்டை. ஒரே ஓர் அறை, அதில் ஒரு கட்டில், இருட்டிக் கிடக்கும் ஒரு ஜன்னல். நீங்கள் மூன்று வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வளர்க்கும் பண்ணை என்று என் பெண் சொல்லியிருந்தாள். மூன்று வருஷத்தில் ஒரு கல்லைக்கூடவா நகர்த்தவில்லை? இதை உங்கள் மாமியாரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டைப் பாத்தோம், வேலையைப் பாத்தோம். நிலத்தைப் பாத்தோமா?" என்றாள். அவள் கிண்டல் செய்தாளா, நிஜமாகவே வருத்தப்பட்டாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வெளியே நான் மூச்சு விடவில்லை. என் பெண்ணிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரம் களை பிடுங்கினேன். அதில் ஒரு மஞ்சள் பூ கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே விளையாட்டு ஊருக்குள் போனபோது அந்த ஊர் டாக்டரம்மா எதிரே வந்தார். மரியாதைக்கு ஒரு வணக்கம் சொல்லலாம் என்று பொத்தானை அழுத்தினால், பூ என் கையிலிருந்து அவர் கைக்குப் போய்விட்டது! அந்த அம்மாவுக்குக் கன்னமெல்லாம் சிவந்துவிட்டது. "எனக்கு ரொம்பப் பிடிச்ச பூ. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். தலைக்கு மேலே ஓர் இதயம் வந்து நின்று துடிக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பண்ணைக்காரர் நீங்கள். நானோ உங்கள் மனைவியைப் பெற்றவன். என் கையாலேயே இப்படி ஒன்று நடந்தால் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த இதயத்தை எப்பாடு பட்டாவது இறக்கிவிட வேண்டும் என்று மறுநாளிலிருந்து தினமும் போய் டாக்டரம்மாவுக்கு ஒரு கல்லைக் கொடுத்தேன். வெறும் கல். ஐந்தாம் நாள் இதயம் மறைந்தது. இப்போது என்னைக் கண்டால் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நல்ல மனுஷி, பாவம். என் பெண்ணின் குடும்பம் நன்றாக இருக்க வேண்டுமே என்றுதான் கல்லைக் கொடுத்தேன்.

அடுத்தது தூக்கம். மாற்று ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் நான் ஒரு நாளும் இடத்தை விட்டு அசைந்தவன் இல்லை. பண்ணையில் பொழுது சாய்ந்தால் எல்லோரும் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். நான் பண்ணையை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுப்பது? வேலியோரம் மாற்று ஆளுக்காகக் காத்து நின்றேன். பெட்டிக்குள் இருக்கும் நம் ஆள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டார். மறுநாள் கட்டிலில் கிடக்கிறார், பக்கத்தில் ஒரு சீட்டு: 'உங்களைத் தூக்கிவந்து படுக்க வைத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' கீழே டாக்டரம்மா பெயர். ஐந்து கல் வாங்கியவர், மாப்பிள்ளை! எனக்குக் கூசிப்போயிற்று. இப்படியே நாலு நாள் விழுந்தார். கடைசியில் பம்ப் ஹவுஸில் என்னிடமிருந்து ஷிப்ட் வாங்குகிறவனிடம் கேட்டேன், அவனுக்கும் இந்த விளையாட்டுப் பழக்கம் உண்டு. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சொட்டு. எந்தக் குழாயை மூடினாலும் சொட்டுகிற மாதிரிதான் மூடுவான். "அண்ணே, படுத்தாத்தாண்ணே அங்க அடுத்த நாளே பொறக்கும். பேசாம படுங்க" என்றான். படுத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

தண்ணீர் விஷயத்திலாவது என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். நாற்பது உருளைக்கிழங்குச் செடி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன். மழை பெய்த நாளிலும் ஊற்றினேன். மழையை நம்பி நாங்கள் மோட்டாரை நிறுத்தியதே கிடையாது. மறுநாள் தோண்டி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. படுத்து எழுந்தால் அங்கே வெயில் காலம் பிறந்துவிட்டது, நாற்பதும் கருகி நிற்கிறது. அந்த ஊரில் ஒரு பருவத்துச் செடி அடுத்த பருவத்தில் ஒரு நாள்கூடத் தாங்காதாம். எவனாவது வாயைத் திறந்து சொன்னானா? டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம், எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அன்று வேலையில் அழுத்த மானியின் முன்னாலேயேதான் உட்கார்ந்திருந்தேன், முள் கீழே இறங்கியது என் கண்ணில் படவே இல்லை. மூன்று தெருவுக்குத் தண்ணீர் போகவில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்து "என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றார். "எல்லாம் போச்சு சார், ஒண்ணுகூட மிஞ்சல" என்றேன். வீட்டில் ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்து, தோளில் தட்டி, அரை நாள் லீவு கொடுத்து அனுப்பினார்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். இவ்வளவு தூரம் சுற்றி வளைத்ததே அதைச் சொல்லத் தைரியம் வராமல்தான்.

வெறும் நிலத்தை உங்களிடம் ஒப்படைக்கக் கூடாது என்று மீன் பிடித்தும் விறகு வெட்டியும் ஒரு பசு வாங்கிக் கட்டினேன். கருப்பி என்று பெயர் வைக்க நினைத்தேன். எந்தப் பொத்தானில் விரல் மாட்டியதோ, 'ஆஆஆ' என்று விழுந்து அதுவே நிலைத்துவிட்டது. பெயரில் என்ன இருக்கிறது, குணத்தில் தங்கம். தினமும் அதற்குப் பிரஷ் போட்டுவிடுவேன். அதன் தலைக்கு மேலும் ஓர் இதயம் வந்தது. அதை நான் இறக்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு முதலில் தொழுவத்துக்குத்தான் போவேன். உங்கள் மாமியார் "டீ ஆறுது" என்று கத்துவாள். "ஆஆஆ" என்பேன். யாருக்குப் பதில் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை பிரஷ் போடுவதற்குப் பதிலாக வேறு எதையோ அழுத்திவிட்டேன். 'விற்கவா?' என்று வந்தது. 'உறுதியாகவா?' என்று இன்னொரு முறை வந்தது. எங்கள் மோட்டாரின் சுவிட்ச் பலகையும் இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை கேட்கும். முப்பது வருஷமாக இரண்டு தடவையும் ஆம் என்று அழுத்திப் பழகிய கை இது. அழுத்திவிட்டது. தொழுவம் காலி. வைக்கோல் மட்டும் அப்படியே கிடந்தது. நான் இரண்டு நாள் தொழுவத்து வாசலிலேயே ஆளை நிறுத்திவைத்தேன், எங்கேயாவது மேயப் போயிருந்தால் வந்துவிடுமே என்று. சொட்டுவிடம் கேட்டால், "உடனே பெட்டியை அணைச்சிருந்தா வந்திருக்கும்ணே. நீங்க படுத்து எழுந்துட்டீங்களே!" என்றான். படுக்கச் சொன்னவனே அவன்தான்! அவசரமென்றால் மட்டும் கப்பல் கம்பெனி ஆபீஸ் மூலமாகச் செய்தி அனுப்பலாம் என்று நீங்கள் ஒரு நம்பர் கொடுத்தீர்களே, அதற்குப் போன் செய்து "மாட்டைக் காணோம்" என்றேன். "எந்த மாடு சார்?" என்றார்கள். வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் பெண் பயந்துபோய் நிஜ டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பிரஷர் ஏறியிருக்கிறதாம். "மனசுல ஏதாவது வச்சுக்கிட்டு இருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் பெண் உட்கார்ந்திருக்கிறாள், என்ன சொல்வது? நீங்கள் என்னை நம்பிக் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூடக் காப்பாற்றத் தெரியாத மனுஷன் என்று நினைப்பீர்களே என்பதுதான் என்னை அரித்துத் தின்கிறது. உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், மாப்பிள்ளை. அதைச் சொல்லத் தெரியாததால்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

உங்கள் கப்பல் கரைக்கு வரும் நாளில் நான் இரண்டு ஷிப்டாகப் போட்டுக்கொண்டு பம்ப் ஹவுஸிலேயே இருந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். கோபம் தணிந்ததும் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கு வருகிறேன். என் பெண் மேல் மட்டும் கோபத்தைக் காட்ட வேண்டாம், அவள் ஒன்றும் அறியாதவள். அலை அடங்கி, வேலை சுலபமாகி, தாங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஊர் வந்து சேர வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஆசீர்வதிக்கும் யோக்கியதை எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை. வயதுக்கு மரியாதை கொடுத்து வாங்கிக்கொள்ளவும்.

மன்னிப்பை வேண்டி நிற்கும்,
தங்கள் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும் சமயத்தில் என் பெண் வந்து பெட்டியைச் சார்ஜில் போட எடுத்தாள். "அப்பா, இதுல என்ன ரெண்டு பண்ணை இருக்கு?" என்றாள். விஷயத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு 'தொடரவும்' என்பதை அழுத்திக் காட்டினாள். உங்கள் பண்ணையைப் பார்த்தேன், மாப்பிள்ளை. கல் பாவிய பாதை, கண்ணாடி வீட்டுக்குள் பழ மரம், பன்னிரண்டு மாடு. நீங்கள் கிளம்பிய நாளிலேயே அப்படியே நிற்கிறது. "யாரும் தொறக்கலன்னா அங்க ஒரு நிமிஷம்கூட நகராதுப்பா. அதைப் பாத்துக்க ஆளே வேணாம்" என்றாள். பின்னே எதற்கு என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று கேட்டேன். "விளையாடுங்கன்னு குடுத்தா மாமா வாங்க மாட்டாரு, பொறுப்புன்னு குடுத்தா வாங்கிப்பாருன்னு சொன்னாருப்பா. உங்களுக்கும் பொழுது போகுமேன்னுதான்" என்றாள்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் கெடுத்தது என் பண்ணை, நான் விற்றது என் மாடு. இதைக் கிழித்துவிட்டு 'அனைவரும் நலம்' என்று இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்கிறாள் உங்கள் மாமியார். கிழிக்கக் கை வரவில்லை. இவ்வளவையும் நான் வேறு யாரிடம் சொல்வேன்? நீங்கள் வரும் அன்று ஷிப்ட் போடவில்லை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். துறைமுகத்துக்கு நானே வருகிறேன், பெட்டியையும் எடுத்து வருகிறேன். வெயில் காலத்துக்கு என்ன விதைப்பது என்று வழியிலேயே சொல்லிக் கொடுங்கள்.