எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாரேன்

என் மகள் பிறந்த நேரத்தில் நான் ஒரு காலி நாற்காலியோடு சீட்டாடிக்கொண்டிருந்தேன். இதை நான் சொல்லாவிட்டால் என் மாமியார் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருஷம் ஆகிறது. திண்டுக்கல்லில் எனக்கு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை (இப்போதும் அதே கடைதான், அதே தூசிதான்). ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பேர் பேகம்பூரில் ஜாபரின் தோல் குடோன் மாடியில் கூடி போக்கர் ஆடுவோம். ஜாபர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். காசு கிடையாது. காசு வைத்தால் மாடிச் சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்று அவனுடைய அத்தா சொல்லியிருந்தார். ஆளுக்குச் சமமாகப் பிளாஸ்டிக் வில்லைகள். வில்லை தீர்ந்தவன் எழுந்து போய் மற்றவர்களுக்கு டீ வாங்கி வர வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு கப். சீட்டாட்டக் கப் எங்கள் ஊரில் கிடைக்காததால் அதன் உச்சியில் மட்டையை ஓங்கிய ஒரு கிரிக்கெட்காரர் நிற்பார். அவருக்குக் கீழே ஜெயித்தவன் பெயரை வெட்டுவார்கள். அந்த இடத்தில் என் பெயர் ஒரு தடவையாவது வர வேண்டும் என்று எனக்கு அப்படியொரு வெறி.

வரவில்லை. பத்துப் பேர் மூன்று பேராகும்வரை நன்றாகத்தான் ஆடுவேன். அதற்குமேல் துணிந்து வில்லை வைக்க மாட்டேன். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டாயமாகப் போட வேண்டிய வில்லை ஏறிக்கொண்டே போகும். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பவன் காத்திருந்தே கரைந்துபோவான். நான் அப்படிக் கரைந்து கரைந்து டீ வாங்கப் போனவன்.

சரி, படித்துவிடுவோம் என்று இறங்கினேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. ஆறு மாதம் காயில் கட்டிக்கொண்டே செல்போனில் பாடம் கேட்டு ஒரு நோட்டு நிறைய எழுதினேன். ‘கடைசி மூன்று பேரில் பொறுமை விஷம்.’ ‘தயங்குகிறவனிடமிருந்து எடு.’ ‘செல்போனை அமர்த்திவிடு.’ எல்லாம் சிவப்பு மையில்.

விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியதும் நான்தான். மேசையில் எங்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு. எதிராளி வைத்த அளவுக்கு வைக்கிறேன் என்பதற்கு ‘வாரேன்’. வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் வாயால் சொல்லாத ‘போறேன்’ எங்களுக்குச் சீட்டைக் கவிழ்ப்பதற்கு. இருக்கிற வில்லை மொத்தத்தையும் தள்ளுவதற்கு ‘எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாரேன்’. சொன்னபிறகு மாற்றிப் பேசிச் சண்டை வருவதால், வாயிலிருந்து வந்தால் வந்ததுதான், வாபஸ் கிடையாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

அப்போது என் மனைவி செல்வி பிரசவத்துக்கு வடமதுரையில் அம்மா வீட்டில் இருந்தாள். முதல் பிள்ளை. அவள் அக்காவுக்குப் பிரசவத்தில் உயிர் போய் வந்த கதையைக் கேட்டுக் கேட்டுப் பயந்து போயிருந்தாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “நீங்க வேற ஒண்ணும் செய்ய வேணாம். ஒங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தேன் நான் உள்ள போவேன். வாசல்ல நில்லுங்க, போதும்.” நிற்பேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஸ்கேன் ஃபைலும் துணிப்பையும் திண்டுக்கல்லில் என் வீட்டு பீரோமேல் தயாராக இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேசையில் மூன்று பேர் மிச்சம். நான், ஜாபர், ஒட்டன்சத்திரம் காய்கறி கமிஷன் கடை பழனிச்சாமி. என் கையில் ஏழும் இரண்டும். போக்கரில் அதைவிட மோசமான கை கிடையாது. கவிழ்க்கப் போகிறேன், செல்போன் அடித்தது. செல்விதான். வலி வந்துவிட்டது, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் காரில் கிளம்பிவிட்டார்கள், ஃபைலையும் பையையும் எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

“இந்தா வாரேன் செல்வி. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாரேன்.”

செல்போனை வைத்ததும் பழனிச்சாமி மரியாதையாகச் சொன்னார்: “நானும் வாரேனுங்க.”

எனக்கு முதலில் அவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்றுதான் பட்டது. அவர் என் வில்லைகளைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. அது பொஞ்சாதிக்குச் சொன்னது என்றேன். யாருக்குச் சொன்னால் என்ன, வாயிலிருந்து வந்தால் வந்ததுதானே என்று அவர் சுவரிலிருந்த விதியைக் காட்டினார். புத்தி உள்ளவன் எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள்ளய்யா என்று ஓடியிருப்பான். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

ஜாபர் தன் சீட்டை ஒரு தடவை பார்த்தான். “நான் போறேன்” என்று கவிழ்த்துவிட்டு என் வீட்டுச் சாவியைக் கேட்டான். கொடுத்தேன்.

“நீ வரலையா கண்ணா?”

“இந்த ஒரு கை முடியட்டும். செத்த நேரம்.”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினான். (அவன் கவிழ்த்தது இரண்டு ஏஸ், போக்கரில் அதைவிடப் பெரிய கை கிடையாது என்று பிறகு புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது.)

பழனிச்சாமியிடம் இரண்டு ராஜா. மேசையில் இருவருக்கும் பொதுவாக விழுந்த ஐந்து சீட்டில் இரண்டு ஏழும் ஒரு இரண்டும் வந்து தொலைந்தன. தோற்றிருந்தால் அடுத்த நிமிஷம் ஓடியிருப்பேன். ஜெயித்துவிட்டேன், அதுதான் கேடு. என்னிடம் வில்லை மலையாகக் கிடந்தது, அவரிடம் கொஞ்சூண்டு. செல்போனை அமர்த்தினேன். பத்து நிமிஷத்தில் அவரையும் முடித்தேன்.

முடியவில்லை. ஜாபரின் வில்லைகள் நாற்காலிக்கு முன்னால் அடுக்கியபடி இருந்தன. எழுந்து போனவன் தோற்றவன் அல்ல, அவன் வில்லை கரையும்வரை சீட்டுப் போட வேண்டும் என்பதும் நான் எழுதிய விதிதான். ஆக, இறுதிப் போட்டி எனக்கும் ஒரு நாற்காலிக்கும். பழனிச்சாமி நாற்காலிக்கு இரண்டு சீட்டு போடுவார், எனக்கு இரண்டு போடுவார். நாற்காலி சும்மா இருக்கும். நான் முகத்தை இறுக்கி யோசித்து வைப்பேன். நாற்காலியின் கட்டாய வில்லையை எடுத்துக்கொள்வேன். நோட்டில் எழுதியபடியே ஆடினேன். தயங்குகிறவனிடமிருந்து எடுத்தேன்.

“ஏனுங்க, இன்னும் எத்தன சுத்துங்க?” என்று பழனிச்சாமி கேட்டார். அவருக்கே பாவமாகிவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் அந்த நாற்காலியைத் தோற்கடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கையில் கப் இருந்தது. எதற்கு எடுத்துப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. ஜாபர் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கோபப்படவில்லை. பொம்பளைப் பிள்ளை, இரண்டு பேரும் நலம் என்றான். பிறகு நடந்ததைச் சொன்னான். உள்ளே கொண்டுபோகும்போது செல்வி என்னைக் கேட்டிருக்கிறாள். வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறான், வந்துவிடுவான் என்று இவன் பொய் சொல்லியிருக்கிறான். வெளியே வந்து எனக்கு ஆறு தடவை போன் அடித்திருக்கிறான். ஸ்ட்ரெச்சரைத் தள்ள விடாமல் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் படிக்கட்டையே பார்த்திருக்கிறாள். நர்ஸ் திட்டியிருக்கிறார். கடைசியில் ஜாபர் முகத்தைப் பார்த்து, “சரிண்ணே, நான் வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தாளாம்.

நான் உள்ளே போனேன். மாமியார் என்னையும் கிரிக்கெட்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். செல்வி திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“ஜெயிச்சீகளா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். சரி என்று பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அதற்குப்பிறகு நான் சீட்டைத் தொட்டதில்லை. கப்பில் பெயர் வெட்டவும் இல்லை.

அதிலிருந்து செல்வி அவசரம் என்றால் எனக்குப் போன் செய்வதில்லை. கேஸ் தீர்ந்தால் எனக்கு. அவசரம் என்றால் ஜாபருக்கு. மகள் கயல்விழியைப் பள்ளியில் சேர்த்தபோது படிவத்தில் அப்பா பெயருக்கு என் பெயரை எழுதினாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்ற இடத்தில் என்னிடம் கேட்காமலே ஜாபரின் எண்ணை எழுதினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போன மாதம் கயலுக்குப் பள்ளியில் காய்ச்சல். அவர்கள் ஜாபரைக் கூப்பிட, ஜாபர் என்னைக் கூப்பிட்டான். “நீ போயிருவியா, நான் போகவா?” என்றான். அவன் பேசி முடிப்பதற்குள் கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். ஏழே நிமிஷம். மூச்சு வாங்க அலுவலக வாசலில் போய் நின்றேன். அங்கிருந்த டீச்சர் படிவத்தைப் பார்த்தார், என் சட்டையிலிருந்த கிரீஸைப் பார்த்தார்.

“நீங்க ஜாபர் சார் அனுப்புன ஆளா?”

கயல் பக்கத்து பெஞ்சில் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாங்க என்றேன்.

காய்ச்சலோடு வீட்டுக்கு வந்த பிள்ளை முதல் வேலையாக அதை அம்மாவிடம் சொன்னது. செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இப்போது தினமும் சாயங்காலம் நான் கதவைத் தட்டினால், யாரு என்று செல்வி உள்ளிருந்து கேட்கிறாள்; ஜாபர் சார் அனுப்பின ஆள் என்று நான் சொன்னால்தான் கதவு திறக்கிறது.