தொண்ணூற்றெட்டுக் குதிரையும் எங்கள் மேடும்

உ
பிள்ளையார் துணை

கலகெதர,
வியாழக்கிழமை

அன்பும் அடக்கமும் நிறைந்த தம்பி யுகேஷுக்கு, அக்கா ஞானேஸ்வரி எழுதும் மடல்.

கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் உடம்பால் சுகம், வாகனத்தால் சுகமில்லை. நீயும் அந்த ஜப்பான் குளிரில் காது மூடி, வேளைக்குச் சாப்பிட்டு, நீ பராமரிக்கும் வயதானவர்களின் ஆசியோடு இருக்கும்படி அவரையே வேண்டிக்கொள்கிறேன். நீ கேட்ட கறித்தூள் பைக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். சுமன் சனிக்கிழமை அங்கே புறப்படுகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அத்தானுக்குக் கேட்டுவிடும். "யுகேஷுக்கு இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது" என்று கட்டளை போட்டிருக்கிறார். வாகனம் வாங்க யோசனை சொன்னது நீயாம், உன் மனசு நோகுமாம். உண்மையில் நோவது அவர் மனசுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்ன அதே சின்னக் கார்தான். வெளியே பார்த்தால் ஜீப், உள்ளே உட்கார்ந்தால் கார். தரைக்கும் அடிக்கும் நடுவே ஒரு சாணுக்குக் குறையாத உயரம், அதனால் எங்கள் ஒழுங்கைக் குழியில் வயிறு தட்டாது. பின்பெட்டியில் இரண்டு அரிசி மூட்டையும் ஒரு சாக்குத் தேங்காயும் வைத்து அதற்கு மேல் பூசைத் தட்டையும் வைக்கலாம். எஞ்சின் ஆயிரம் சீசீ என்றார் விற்றவர். ஒரு லீட்டர் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக் காட்டி, "இவ்வளவுதாங்க உள்ள இடம்" என்று அத்தானுக்கு நான்தான் விளக்கினேன். அவர் தேயிலைத் தோட்டத்தில் ஓட்டிய கொழுந்து லொறிக்கு ஆறு சிலிண்டர், இதற்கு மூன்று. ஆனால் டர்போ என்று ஒன்று இருக்கிறதாம், வெளியே போகிற புகையின் வேகத்தை வைத்தே காற்றை அமுக்கி உள்ளே தள்ளுமாம். அடுப்பை ஊதுகுழலால் ஊதுகிற மாதிரி என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. கியர் மாற்றுகிற வேலையும் இல்லை. பெற்றோல் கணக்கை நான் எழுதி வைக்கிறேன், கண்டி டவுன் நெரிசலில் லீட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், குருநாகல் பாதையில் பதினெட்டு, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தொண்ணூற்றெட்டுக் குதிரை வலு என்கிறார்களே, அங்கேதான் எனக்குத் தலை சுத்துது. எங்கள் ஒழுங்கை மேட்டில் பக்கத்து வீட்டுப் பசு தனியாக ஏறி வருது தம்பி, தொண்ணூத்தெட்டு குதிரை கீழே நின்னு முழிக்குது.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் உனக்கும் குழம்பிவிடும். வாகனத்தோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. உள்ளே ஒரு அம்மாவும் இருக்கிறா, பொத்தானை அமத்தினவுடனே தேன் ஒழுகுற குரல்ல என்னமோ சொல்லுவா. காலையில் வாய் நிறையப் பேசுகிறவளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையென்று நானும் கைகூப்பி வணக்கம் சொல்லிக்கொள்வேன். விற்றவர் தமிழில் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, இதுக்கு முன்னுக்குக் கண்ணு மாதிரி சென்சர் இருக்கு. பிள்ளை குட்டி முன்னால நிக்கிறப்ப தெரியாம ஓங்கி மிதிச்சிட்டாலும் எஞ்சின் இழுக்காது, வலுவைக் குறைச்சிரும்" என்றார். எனக்கு அது மனசில் நன்றாகப் பதிந்தது. கண் என்று ஒன்று இருந்தால் அதற்குக் கண்ணூறு படாமல் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்ணின் கடமையில்லையா? நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு தேசிக்காயும் இரண்டு பச்சைக் கொச்சிக்காயும் கட்டினேன். சின்னதாகத்தான்.

அப்படியும் கண் பட்டது. கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்து நின்றோம். நின்றதும் எஞ்சின் செத்துப் போச்சு, ஒரு சத்தமும் இல்லை. நான் கந்தசஷ்டியைத் தொடங்கிவிட்டேன். அத்தான் பதறிப்போய்ப் பொத்தானை அமத்த, எரிஞ்சுக்கிட்டிருந்த விளக்கெல்லாம் அணைஞ்சு, பிறகு பொத்தானை அமத்த அமத்த அந்த அம்மா மட்டும் பேச, பச்சை விழுந்து, பின்னால் பஸ்காரன் ஹோர்னை அடிச்சு, "சீயா, கெதர யன்ன!" என்று கத்திவிட்டுப் போனான். தாத்தாவாம், வீட்டுக்குப் போகவாம். லொறியைத் தோட்டத்து லைன் வீட்டு வளைவுகளில் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வந்த மனுசனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? பெற்றோல் மிச்சம் பிடிக்க நிற்கிறபோது எஞ்சின் தானாக அணையும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகவே உயிர் வரும் என்று மகள் சர்மிளா பிறகு போனில் பார்த்துச் சொன்னாள். சேமிப்பு நல்ல பழக்கம், நான் வேண்டாமென்று சொல்லமாட்டேன். அதற்காக நடு ரோட்டிலா?

அன்றே முடிவெடுத்தேன், ஒரு தேசிக்காய் போதாது. அந்தக் கண் எல்லாவற்றுக்கும் காவல் இருக்கட்டும் என்று முன்பக்கம் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை வேப்பிலையும் தேசிக்காயும் கொச்சிக்காயும் மாறி மாறிக் கோத்து மாலையாகக் கட்டினேன். சர்மிளா, "அம்மா, மரக்கறி லொறி மாதிரி இருக்கு, வேலை செய்ற இடத்துல சிரிக்கிறாங்க" என்றாள். சிரிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம்தான் இது தொடங்கியது. கோயிலுக்குப் போய்த் திரும்பி ஒழுங்கை அடியில் நின்று, மேட்டுக்காக அத்தான் ஓங்கி மிதிக்கிறார், வாகனம் கீ கீ என்று கத்துது, திரையில் மஞ்சளாக எழுத்து வருது, அந்த அம்மா தேனாகப் பேசுறா, எஞ்சின் உறுமாமல் முனகுது. நான் வணக்கம் சொல்கிறேன். அத்தான் இன்னும் ஓங்கி மிதிக்கிறார். அது இன்னும் முனகுது. கடைசியில் கீழேயே விட்டுவிட்டு அரிசியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறினோம். நான் சும்மா இருப்பேனா? அடுத்த வெள்ளி மாலையைத் தடிப்பாகக் கட்டினேன். அடுத்ததற்கு இரண்டு வரிசை. கட்டக் கட்ட அது மோசமாகுது தம்பி. அப்படியென்றால் அந்தக் கண்ணூறு எவ்வளவு பொல்லாதது என்று நினைத்துப் பார்.

கலகெதரயில் நம்ம ஹபீலின் கராஜுக்குக் கொண்டுபோனோம். நல்ல பிள்ளை, வேற்று மதமென்று பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் மாலையைக் கழற்றிச் சுவர் ஆணியில் தொங்கவிட்டுத்தான் பொனட்டைத் திறந்தான். எல்லாம் பார்த்தான். பிறகு அத்தானைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனே ஓட்டி, கராஜுக்குப் பின்னாலிருக்கும் செங்குத்து மேட்டில் ஏறினான். நெய்யில் வழுக்குகிற மாதிரி ஏறிச்சு. இறங்கி வந்து மாலையை என் கையில் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னான், "அண்ணே, கோவிச்சுக்க வேணாம். எஞ்சின் நல்லா ஈக்கிது. நீங்கதான் கொஞ்சம் பயந்து மிதிக்கிறீங்க போல."

நான் மாலையைத் திரும்பக் கட்டினேன், வீட்டுக்கு வந்தோம், ஒழுங்கை அடியில் நின்றோம். கீ கீ.

சர்மிளாவுக்கும் ஏறுது. அவள் காலையில் கண்டிக்கு எடுத்துப்போய் மாலையில் கேட் வாசலில் கொண்டுவந்து விடுகிறாள், ஒரு நாளும் கீழே நின்றதில்லை. ஹபீலுக்கு ஏறுது, மகளுக்கு ஏறுது, அவருக்கு மட்டும் ஏற மாட்டேங்குது. அத்தான் இப்போது சாவியைத் தொடுவதில்லை. நேற்றுச் சாப்பிடும்போது வலது காலைப் பார்த்தபடியே, "காலு போயிருச்சு ஞானம். பஸ்காரன் சொன்னது சரிதான்" என்றார். கொழுந்து லொறி ஓட்டின காலத்தில் ஒரு கோழியைக்கூட இடிக்காத கால் அது. லைசனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். தெல்தெனியவிலிருந்து ஃபாஸில் என்கிற தரகர் நாளை வாகனத்தைப் பார்க்க வருகிறார். வாகனம் போனால் போகட்டும். அது போன பிறகு இந்த மனுசன் வாசற்படியில் காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவாரோ என்றுதான் பயம்.

ஆகவே தம்பி, திரையில் வருகிற அந்த எழுத்தை இந்தத் தாளின் பின்பக்கம் கோலம் மாதிரிப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறேன். ஒரு புள்ளி முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். அந்த அம்மா அப்படி என்னதான் சொல்கிறா என்பதையும் அங்கே யாரிடமாவது கேட்டு எழுது. எஞ்சினில் குறையா, டர்போவில் குறையா, பூசையில் குறையா, எனக்கு ஒன்றுமே விளங்கல்ல. ஆனால் அத்தான் காலில் குறை என்று மட்டும் வந்தால் எழுதாதே.

நல்ல வேலையும் நல்ல துணையும் அமைந்து, நோய்நொடி அண்டாமல், பனியில் வழுக்காமல் நடமாட எல்லாம் வல்லவர் உனக்கு அருள்வாராக. அத்தானும் சர்மிளாவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள், அவர்களுக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது.

உன் அன்பு அக்கா,
ஞானேஸ்வரி

பின்குறிப்பு, வெள்ளி பின்னேரம்: மேலே எஞ்சினைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமென்று பார்த்தேன், தாள் வீணாகும் என்று விட்டுவிட்டேன். நீயே வாசித்ததை மறந்துவிடு. வீட்டை விட்டுப் போகிற வாகனத்துக்கு வெறும் தேசிக்காய் மாலை போதாதென்று இன்று கோழிக்கூட்டு வாழைப்பழமும் சேர்த்துக் கோத்திருந்தேன். ஃபாஸிலுக்கு நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த நேரம், பலாமரத்திலிருந்து குரங்குக் கூட்டம் இறங்கி, தேசிக்காயைக் கடித்து மூஞ்சியைச் சுளித்துத் துப்பிவிட்டு, பழத்தோடு மாலையையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் வேறு கட்ட ஓடினேன். "விடு, விக்கிற வண்டிதானே" என்றார் அத்தான். ஃபாஸிலைப் பக்கத்தில் ஏற்றி ஒழுங்கை அடிக்குப் போய், ஏறாது என்பதை வாங்குகிறவன் கண்ணாலேயே பார்க்கட்டும், ஒளித்து விற்கக்கூடாது என்று ஓங்கி ஒரு மிதி.

தம்பி, தொண்ணூத்தெட்டும் ஒண்ணா பாய்ஞ்சிச்சு! "அண்ணே, மெதுவா, மெதுவா!" என்று ஃபாஸில் கத்துகிறார், வாகனம் கேட்டுக்கு வந்து நிற்குது. அத்தான் திரும்ப இறங்கினார், திரும்ப ஏறினார், திரும்ப இறங்கினார், திரும்ப ஏறினார். ஃபாஸில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல எஞ்சின், நான் எடுக்கிறேன்" என்றார்.

"விக்கிறதுக்கு இல்ல தம்பி."

"அப்ப எதுக்கு என்னைய மூணு தரம் ஏத்தி எறக்கினீங்க?"

"மொதல்ல நீங்க பாக்கணும்னு. அடுத்தது நான் நம்பணும்னு. மூணாவது, அவ வாசல்ல நிக்கிறால்ல, அவளுக்கு."

ஆஞ்சநேயரே நேரில் வந்து கண்ணூற்றை எடுத்துக்கொண்டு போனார் என்று நான் கண்ணீரோடு வாகனத்தின் முன்பக்கம் ஒரு நன்றி மாலை கட்டினேன். அத்தான் வெளிக்கிட மிதித்தார், கீ கீ. சர்மிளா படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தக் கழுதை தினமும் ஒழுங்கை அடியில் மாலையைக் கழற்றிப் பின்பெட்டியில் போட்டுவிட்டு, பின்னேரம் மேலே ஏறி வந்த பிறகுதான் திரும்பக் கட்டுவாளாம், வெட்கத்தில். அத்தான் இறங்கி வந்து மாலையை ஒரு கையால் ஒதுக்கினார், சத்தம் நின்றது. விட்டார், கத்தியது. ஒதுக்கினார், நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன் பக்திக்குத் தொண்ணூத்தெட்டு குதிரையும் அடங்கிப் போச்சு, நான் எந்த மூலை?" என்று சொல்லிவிட்டு, ஹபீலிடம் காலைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று தனியாகவே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். மாலையைக் கேட் தூணில் கட்டிவிட்டேன்.

ஒரே ஒரு உதவி. அந்த அம்மா அத்தனை நாளும் முன்னால் இருக்கிறதை எடு, எடு என்றுதான் சொல்லியிருப்பாளோ என்று இப்போது ஒரு சந்தேகம். அப்படி இருந்தால் அதை எழுதாதே, உன் கடிதத்தை அத்தான்தான் முதலில் பிரிப்பார். மற்றதெல்லாம் போய்விட்டது, அது ஒன்றாவது எனக்கு மிஞ்சட்டும். வணக்கம் சொல்கிறா என்று எழுது.