மகாதேவன் இல்லை

பால்வண்ணநாதன் குளிக்கப் போகும்போது மகாதேவன் உயிரோடுதான் இருந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து போனை எடுத்துப் பார்த்தபோது செத்துப் போயிருந்தான்.

'ஆழ்ந்த இரங்கல்', 'ஓம் சாந்தி', கூப்பிய கைகள், எரியும் விளக்கு என்று எழுபத்து மூன்று செய்திகள். 'வாய்க்கால்பாலத் தெரு சொந்தங்கள்' என்பது குழுவின் பெயர். தென்காசியில் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்து, பிழைப்புக்காகச் சென்னை, பெங்களூர் என்று சிதறிப் போனவர்கள் பழைய போட்டோக்களைப் போட்டுப் பேசிக்கொள்ள ஆரம்பித்த வாட்ஸ்அப் குழு. நூற்றுப் பன்னிரண்டு பேரில், இன்னும் அதே தெருவில் குடியிருப்பவர் பால்வண்ணநாதன் ஒருவர்தான். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அட பாவி, எப்பம் போனான்?" என்று பதறி, செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், முதலில் சொன்ன ஆளைக் கண்டுபிடித்தார்.

அது அவர்தான்.

காலையில் அவர் ஒரு போட்டோ போட்டிருந்தார். எழுபத்து நாலாம் வருஷம், குற்றாலம் மெயினருவிக்கு முன்னால், உடம்பெல்லாம் எண்ணெய் வழியத் தெருப் பையன்கள் ஒன்பது பேர். குழுவின் அட்மின் சுப்புராமன் பெங்களூரிலிருந்து, "இடமிருந்து நாலாவது மகாதேவன்தானே?" என்று கேட்டான். பால்வண்ணநாதன் ஒற்றை விரலால் அடிப்பவர். கண்ணாடியைத் தேடிப் போட்டு, எழுத்து எழுத்தாகத் தட்டி, "மகாதேவன் இல்லை" என்று அனுப்புவதற்கு நாலு நிமிஷம் ஆனது. அதற்குள், துபாயில் மகன் வீட்டில் இருக்கும் மசூது இடையில் புகுந்து, "மகாதேவன் எப்படி இருக்கான்? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்தான். அந்தக் கேள்விக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டது இவர் பதில்.

பால்வண்ணநாதன் ஈரத்துண்டோடு உட்கார்ந்து அவசரமாக அடித்தார்: "நான் சொன்னது போட்டோவில் இல்லை என்று."

சென்னையிலிருந்து லக்ஷ்மி உடனே எழுதினாள்: "போட்டோவில் இல்லாவிட்டால் என்ன அண்ணாச்சி? நம் எல்லார் மனசிலும் இருக்கிறார்."

அதற்கு முப்பது பேர் அழுதார்கள்.

எழுத்து வேண்டாம், வாயால் சொல்லிவிடலாம் என்று குரல் பதிவுக்கான பொத்தானை அழுத்தினார். அடுப்படியில் அவர் மனைவி சொக்கம்மாள் மிளகாய் வத்தல் வறுத்துக்கொண்டிருந்தாள். "ஏ… எல்லாரும் கேளுங்க. மகாதேவன்…" என்று ஆரம்பித்ததும் நெடி தொண்டையில் ஏறிவிட்டது. இருமல், மூக்குச் சிந்தல், மறுபடி ஒரு "மகாதேவன்…", மறுபடி இருமல். 'சாகல' என்ற சொல்லைக் குக்கர் விசில் விழுங்கியது. கண்ணில் நீர் கொட்ட, விரல் தவறிப் பதிவு போயே விட்டது.

"பால்வண்ணம் அண்ணாச்சி அழுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால் தேற்றுங்கள்" என்று லக்ஷ்மி எழுதினாள்.

அவர் தான் அனுப்பிய மூன்றையும் அழித்தார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மூன்று முறை வந்து நின்றது.

"ஏன் நீக்குதாரு?" என்று கேட்டார் ஒலி முகம்மது. ஓய்வு பெற்ற வக்கீல். "சாவுல ஏதோ விசயம் இருக்கு."

பால்வண்ணநாதன் போனைக் கவிழ்த்து வைத்தார். அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை, மறுபடி நிமிர்த்தினார். இப்போது போட்டோக்கள் வர ஆரம்பித்திருந்தன.

லக்ஷ்மி பாவாடை சட்டையில் வாடகை சைக்கிளோடு நிற்கும் படம். "நான் விழுந்து வீல் கோணிப்போச்சு. தான்தான் கோணலாக்கினதாகச் சொல்லி, கடைக்காரரிடம் மகாதேவண்ணன் அடி வாங்கினான்." மசூது தன் வாப்பாவின் படத்தைப் போட்டிருந்தான். "வாப்பாவுக்குக் காது கேட்காது. நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் சங்கு ஊதினதும், மகாதேவன் எங்க வாசலில் வந்து நின்னு துண்டை ஆட்டுவான். ஒரு நாள்கூட மறந்ததில்லை." தேர்த் திருவிழாவில் தெருப்பெண்கள், மழைவெள்ளத்தில் மிதக்கும் கட்டில், கன்றுக்குட்டியோடு ஒரு கல்யாணப் பெண் என்று வந்துகொண்டே இருந்தன. ஒன்றில்கூட மகாதேவன் கிடையாது. கொழும்பு மாமா கொடுத்த பெட்டி கேமராவை வைத்துக்கொண்டு எல்லாப் படத்தையும் எடுத்தவன் அவன். குனிந்த தலை நிழலாக மட்டும், சில படங்களில் தரையில் விழுந்திருந்தது.

"போஸ்டர் போட முகம் தெரிகிற மாதிரி ஒரு படம்கூடவா யாரிடமும் இல்லை?" என்று சுப்புராமன் கேட்டான்.

பால்வண்ணநாதனிடம் ஒன்று இருந்தது. மகள் உமா மகேஸ்வரியின் கல்யாண ஆல்பத்தில். அதை அவர் இருபத்திரண்டு வருஷமாகத் திறக்கவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு மகாதேவன் பம்பாயிலிருந்து ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிட்டான். வாழைக்குலை கட்டியது, சமையல்காரரைச் சமாதானப்படுத்தியது, பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கியது எல்லாம் அவன்தான். வாளியும் கையுமாக நின்றபடியே சம்பந்தியிடம், "இவன் பத்தாங்கிளாஸ் மூணு தடவை எழுதினவன். அதான் எழுத்து முத்து முத்தா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தான். பந்தியே சிரித்தது. பால்வண்ணநாதனுக்கு முகம் எரிந்தது. அத்தனை பேர் முன்னாலும், "சாப்பிட்டாச்சுல்லா? கெளம்பு" என்றார்.

மகாதேவன் வாளியை மெதுவாகக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் சமையல்காரர் வந்து, "அந்த அண்ணாச்சி காலைலேர்ந்து ஒரு வாய் சாப்பிடலையே, எங்க அவரு?" என்று கேட்டார். நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தார் பால்வண்ணநாதன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைத்தார். அப்புறம் அந்தப் பெயரை யாராவது எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆளாகிவிட்டார்.

இப்போது ஆல்பத்தை இறக்கித் தூசி தட்டினார். மகாதேவன் வாளியோடு சிரித்துக்கொண்டிருந்தான். அதைப் போன் கேமராவில் பிடித்து, "இவன்தான் மகாதேவன். நல்லா இருக்கான்" என்று எழுதிப் போட்டார்.

பத்து நிமிஷத்தில் சுப்புராமன் அதைப் போஸ்டராக்கித் திருப்பி அனுப்பினான். வாளியை வெட்டிவிட்டு, இரண்டு பக்கமும் விளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'வாய்க்கால்பாலத் தெரு சொந்தங்கள்'. எல்லாரும் எழுதிய நினைவுகளையும் சேர்த்து, தெரிந்த நம்பருக்கெல்லாம் அனுப்பியிருப்பதாக வேறு சொன்னான்.

பால்வண்ணநாதன் அவனுக்கே போன் போட்டார்.

"ஏலே சுப்பு, மகாதேவன் சாகலலே!"

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லுதேன்."

"செத்துட்டான்னு சொன்னதும் நீதானலே?"

"அந்த இல்லை வேற, இந்த இல்லை வேறலே!"

"உனக்கு மனசு ஏத்துக்கிட மாட்டேங்கு. எனக்குப் புரியுது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாருமா வீடியோவுல இரங்கல் கூட்டம் போடுதோம். நீதான் முதல்ல பேசணும். அவனுக்கு உன்னைவிட சேக்காளி யாரு?"

"நான் பேச மாட்டேன். அவன் உசிரோட இருக்கான்."

"சரி, கடைசியா எப்பம் பாத்த?"

பால்வண்ணநாதன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"சொல்லுலே."

"இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு."

"போன்லயாவது பேசுவியா?"

"இல்ல."

"அப்பம் அவன் உசிரோட இருக்கான்னு உனக்கு யாருலே சொன்னா?"

பால்வண்ணநாதன் போனை வைத்துவிட்டார். உண்மைதான். யாரும் சொல்லவில்லை. என்றைக்கு வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிடலாம் என்று அவரே வைத்துக்கொண்ட நினைப்புத்தான் அது.

சொக்கம்மாள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு வருஷமா குத்தாலத்துலதான் இருக்காகளாம்" என்றாள். "ஐந்தருவி ரோட்டுல மக கட்டின வீடு. பஸ்ஸுல ஒருத்தி சொன்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்கள்லா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்கடை இசக்கிமணி கையைத் தட்டிக் கூப்பிட்டான். "அண்ணாச்சி, உங்களைத்தான் தேடுதேன். பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் ஜிபே பண்ணிட்டாரு. நாலு முழ ரோசா மாலை. உங்ககிட்ட குடுத்துவிடச் சொன்னாரு."

"எனக்கு வேண்டாம்பா."

"உங்களுக்கு இல்லையே, செத்தவருக்குத்தான!"

பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. இசக்கிமணி மாலையை ஒரு துணிப்பையில் திணித்து, ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டுவிட்டான்.

சீசன் நேரம். பஸ் முழுக்கத் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகக் குளிக்கப் போகிறவர்கள். சாரல் உள்ளே அடித்தது. பால்வண்ணநாதன் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, 'வாசலில் பந்தல் இருக்கக் கூடாது, பிளாஸ்டிக் நாற்காலி இருக்கக் கூடாது' என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. நான்கு. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். சாரல் விட்டு வெயில் வந்திருந்ததால், மகாதேவன் மனைவி உலகம்மாள் வெளியே வந்து, நாற்காலியின் மேல் ஒரு தலையணையைக் காயப் போட்டாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சியா! வாங்க வாங்க, எம்புட்டு வருஷமாச்சு!"

"மகாதேவன்…?"

"உள்ளதான் இருக்காக. இட்லி சாப்பிட்டுட்டு ஜன்னல்கிட்ட உக்காந்திருக்காக."

பால்வண்ணநாதன் ஒரு நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். சிரிப்பா, அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"காலைலேர்ந்து போன் மேல போன் அண்ணாச்சி. எந்தக் கூறுகெட்டவன் கிளப்பி விட்டானோ! அவன் கையை ஒடிக்கணும்."

"ஒடிக்கத்தான் வேணும்" என்றார் பால்வண்ணநாதன், மாலையைப் பைக்குள் இன்னும் ஆழமாக அமுக்கியபடி.

"நீங்க உள்ள போறதுக்கு முன்னால ஒரு விசயம் அண்ணாச்சி, அவுகளுக்கு இப்பம்லாம்…" என்று அவள் ஆரம்பிக்கும்போதே, இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்து, "இல்லம்மா, நல்லா இருக்காக… அழாத… எல்லாம் பொய்யி" என்று பேசிக்கொண்டே, அவரை உள்ளே போகும்படி கையைக் காட்டினாள்.

ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் மகாதேவன் உட்கார்ந்திருந்தான். வெளுத்த வேட்டி, படிய வாரிய நரைத்த தலை, கண்ணுக்கு அருகில் இன்னொரு போன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"வாங்க, வாங்க. உக்காருங்க."

'வாலே' என்று கூப்பிட்டவன். அந்த 'வாங்க' பால்வண்ணநாதனைக் குத்தியது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறாமல் இருப்பதும் நியாயம்தானே என்று நினைத்தார். உட்காராமல் நின்றபடியே, ஆறு மணிக் கூட்டத்தில் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டார்.

"அன்னைக்கு நீ சாப்பிடலைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன, அப்படிச் சொல்லியிருக்கலாமா? எம்மக கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செஞ்சவனைப் பட்டினியா வெளியே அனுப்பினேன். நீ வாளியைக் கீழ வச்சது இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்கி. ஒரு லெட்டர் போடத் துப்பில்லாம இருபத்திரெண்டு வருஷம் ஓட்டிட்டேன். இன்னைக்குக் காலைல நீ போயிட்டியோன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன் பாரு…"

அதற்கு மேல் குரல் வரவில்லை. இந்தத் தடவை மிளகாய் நெடி எதுவும் இல்லை.

மகாதேவன் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் கண்ணும் நிறைந்துவிட்டது. கையை நீட்டிப் பால்வண்ணநாதனின் கையைப் பிடித்து, பக்கத்தில் உட்கார வைத்தான்.

"மனசுல வச்சிக்கிடாதீங்க. யாருக்குத்தான் கோவம் வராது?" என்றான். "இங்கன சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

பால்வண்ணநாதன் சிறு பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். மகாதேவன் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். வெளியே மறுபடி சாரல் விழுந்து, நின்று, வெயில் வந்தது. கொஞ்சம் ஆறியதும் மகாதேவன் போனை எடுத்து நீட்டினான். சுப்புராமனின் போஸ்டர். அதன் கீழே லக்ஷ்மியின் சைக்கிள், மசூதின் நோன்பு எல்லாம் வரிசையாக இருந்தன.

"நானும் காலைலேர்ந்து இதைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். எத்தனை பேரு, எம்புட்டு பிரியமா எழுதியிருக்காங்க!"

"அத்தனையும் நெசம்லே" என்றார் பால்வண்ணநாதன், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி.

மகாதேவன் தலையை ஆட்டினான். பையிலிருந்து எட்டிப் பார்த்த ரோஜா மாலையை ஒரு விரலால் தொட்டான். பிறகு, துக்கம் விசாரிக்கிறவர்கள் குரலைத் தாழ்த்துவது போலத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"இந்த மகாதேவன் ரொம்ப நல்ல மனுஷனா இருந்திருக்காரு, எனக்குத்தான் அவரைப் பாக்கக் குடுத்துவைக்கல."